தலைகீழாக் கவிழ்த்துப் பாருங்க

முதல்ல ஒரு சின்ன சோதனை. உங்க கிளப் ரோபோவை எடுங்க. பேட்டரி உள்ளேயே இருக்கட்டும், சுவிட்ச் மட்டும் ஆஃப்ல இருக்கட்டும். கீழே ஒரு மெத்தையைப் போட்டுட்டு, ரெண்டு பேர் சேர்ந்து ரோபோவைத் தூக்கி, தலைகீழாக் கவிழ்த்து, பத்து நொடி நல்லாக் குலுக்குங்க.

பேட்டரி இருந்த இடத்துலயே இருந்தா, சந்தோஷம். நீங்க இதுக்கு மேல படிக்க வேண்டிய அவசியமே இல்லை. போன மாசம் எங்க லேப்ல இருந்த நாலு ரோபோவுக்கு நான் இதைச் செஞ்சு பார்த்தேன். மூணுல பேட்டரி கழண்டு தொங்குச்சு. அந்த மூணுல ஒண்ணு நானே டிசைன் பண்ணினது.

நான் ஃபைனல் இயர். இன்னும் சில மாசத்துல லேப் சாவியை ஜூனியர்ஸ்கிட்ட கொடுத்துட்டுப் போயிடுவேன். அதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைச் சொல்லிடணும். நம்ம ரோபோவில் பேட்டரியை மாட்டுறதை நாம யாரும் ஒரு வேலையாவே நினைக்கிறதில்லை. அது தப்பு. அந்தத் தப்புக்கு நான் ஒரு விலை கொடுத்தேன். உண்மையைச் சொன்னா, என் விலையை வேற ஒருத்தன் கொடுத்தான்.

அன்னைக்கு என்ன நடந்தது

போன வருஷம் வெளியூர்ல ஒரு போட்டி. முதல் நாள் ராத்திரி ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து கோடை மாத்திக்கிட்டு இருந்தோம். ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி வந்து, "அண்ணா, பேட்டரி லேசா ஆடுது. ஒரு பிராக்கெட் போடலாமா?"ன்னு கேட்டான். நான் லேப்டாப்ல இருந்து தலையைக் கூடத் தூக்கலை. "டபுள் சைடு டேப் போட்டு ரெண்டு டேக் இறுக்குடா, போதும்"னு சொன்னேன். அவனும் சொன்ன மாதிரியே செஞ்சான்.

மறுநாள் ரெண்டாவது ரவுண்டு. சரிவுல இறங்கும்போது ரோபோ கொஞ்சம் வேகமாப் போய் ஓரத்துச் சட்டத்துல முட்டி நின்னுச்சு. அப்படியே செத்துப் போச்சு. எல்.இ.டி. ஒருமுறை மினுக்கிட்டு அணைஞ்சது. ரீஸ்டார்ட் பண்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சு. தோத்துட்டோம்.

தோத்தது பெரிய விஷயம் இல்லை. மூடியைத் திறந்த அந்தத் தம்பி பேட்டரியை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு என்கிட்ட வந்தான். "அண்ணா, இது சூடா இருக்கு"ன்னான். டேப் உரிஞ்சு, பேட்டரி முன்னாடி வழுக்கிப் போய், உள்பக்கம் நீட்டிக்கிட்டிருந்த ஒரு ஸ்க்ரூவோட முனையில மோதியிருந்தது. பவுச்ல ஆழமா ஒரு பள்ளம். பக்கத்து டீம்ல ஒரு அக்கா அதைப் பார்த்ததும் கத்தி, அவன் கையில இருந்து வாங்கி வெளியே ஓடிப்போய் மணல் வாளியில போட்டாங்க. அரை மணி நேரத்துல அது தலகாணி மாதிரி ஊதிடுச்சு. தீப்பிடிக்கலை. அது எங்க சாமர்த்தியத்தால இல்லை.

அப்புறம் நடந்ததுதான் மோசம். ஏன் தோத்தோம்னு கிளப் மீட்டிங்ல கேட்டாங்க. "வயரிங் லூஸா இருந்தது"ன்னு யாரோ சொன்னாங்க. வயரிங் பார்த்தது அந்தத் தம்பி. எல்லாரும் அவனைப் பார்த்தாங்க. நான் வாயைத் திறக்கலை. ரெண்டு வாரம் கழிச்சு அவன் கிளப்புக்கு வர்றதை நிறுத்திட்டான்.

கணக்குப் போட்டா அஞ்சு நிமிஷம்

இதுல வெட்கக்கேடு என்னன்னா, பதினொண்ணாம் வகுப்பு ஃபிசிக்ஸ் போதும் இதை முன்னாடியே கண்டுபிடிக்க. நாலு வருஷ இன்ஜினியரிங் தேவையே இல்லை.

ரோபோகான் மாதிரி போட்டிகளுக்காக நாம வழக்கமா வாங்குறது 6 செல் லிப்போ, 22.2 வோல்ட். 5,000 எம்.ஏ.எச். அளவுல வாங்கினா எடை சுமார் 800 கிராம் வரும். ரோபோ நொடிக்கு 3 மீட்டர் வேகத்துல போய்ச் சட்டத்துல மோதி, 2 செ.மீ. தூரத்துக்குள்ள நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. வேகத்தின் வர்க்கத்தை, தூரத்தின் இரண்டு மடங்கால் வகுங்க. 9-ஐ 0.04-ஆல் வகுத்தா 225. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறக்குறைய 23 மடங்கு. அந்த ஒரு கணம் உங்க 800 கிராம் பேட்டரி, 18 கிலோ மூட்டை மாதிரி முன்பக்கம் தள்ளுது. ஒரு நொடியில நூறுல ஒரு பங்கு நேரம்தான். ஆனா டேப் உரியறதுக்கு அது போதும்.

"ஸ்ட்ராப்பை நல்லா இறுக்கினா நிக்குமே"ன்னு கேப்பீங்க. அதையும் கணக்குப் போடுங்க. ஸ்ட்ராப்போட ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு கிலோ இழுவிசையில இறுக்கியிருக்கீங்கன்னா, பேட்டரியைக் கீழே அமுக்குற விசை, அதோட எடையும் சேர்த்து, 11 கிலோ. உராய்வு எண் 0.5-ன்னு தாராளமா எடுத்துக்கிட்டாலும், வழுக்காமத் தடுக்க அடியில கிடைக்கிறது அஞ்சரை கிலோ. தேவை 18. மிச்சத்தை யார் தாங்குறது? இன்னும் இறுக்கலாம்னா லிப்போ பவுச் நசுங்கும். டேக்கை இறுக்கினா அது பவுச்சோட ஓரத்தை அறுக்கும்.

டபுள் சைடு டேப்புக்கும் வெல்க்ரோவுக்கும் ஒரே பலவீனம். பக்கவாட்டில் இழுத்தா நல்லாத் தாங்கும். ஒரு முனையில இருந்து உரிச்சா சுலபமா வந்துடும். மோதல்ல பேட்டரி நேரா வழுக்காது. முன்னாடி சாய்ஞ்சு, பின் முனை மேல எழும்பும். அதாவது டேப்பை உரிக்கிறதுக்குத் தோதான விதத்துலதான் அது நகரும். அதோட நம்ம ஊர் வெயிலையும் சேர்த்துக்கோங்க. மே மாசம் பூட்டின வேனுக்குள்ள கிடந்த ரோபோவில் டேப்போட பசை இளகியிருக்கும். பி.எல்.ஏ.ல பிரிண்ட் பண்ணின பிராக்கெட்டே 60 டிகிரி கிட்ட வந்தா வளைய ஆரம்பிச்சிடும்.

துறைமுகத்துல கேட்டது

தூத்துக்குடியில எங்க மாமா ஒருத்தர் துறைமுகத்துல லாஷிங் வேலை பார்க்கிறார். கப்பல்ல ஏத்துற சரக்கு கடல்ல ஆடி அசையாம இருக்கக் கட்டுற வேலை. பொங்கலுக்குப் போனப்ப போன்ல ரோபோ வீடியோவைக் காட்டினேன். சென்சார், கேமரா, தானா வழி கண்டுபிடிக்கிறது எல்லாத்தையும் விளக்கினேன். பொறுமையாப் பார்த்துட்டு, "எல்லாம் சரி மருமவனே, அந்தக் கருப்புப் பெட்டி ஏன் ஆடுது?"ன்னு கேட்டார்.

"அது பேட்டரி மாமா. டேப் போட்டிருக்கு."

"டேப்பு ஒட்டும்ல. கட்டாதே."

அப்புறம் அவர் தொழிலைச் சொன்னார். கன்டெய்னரோட நாலு மூலையிலயும் ஓட்டை போட்ட இரும்புக் கட்டை இருக்கும். ஒரு கன்டெய்னருக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அந்த ஓட்டைக்குள்ள ட்விஸ்ட் லாக்னு ஒரு பூட்டு உட்காரும். அது பெட்டியை நகரவும் விடாது, எழும்பவும் விடாது. அதுக்கு மேல குறுக்கே ராடு போட்டு, டர்ன்பக்கிளை முறுக்கி இறுக்குவாங்க. அது அடுக்கு சாயாமப் பார்த்துக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. ஒண்ணு செய்ய வேண்டியதை இன்னொண்ணு தலையில கட்டுறதில்லை. கப்பல் கிளம்பின பிறகும் கட்டு தளர்ந்திருக்கான்னு பார்த்துப் பார்த்து முறுக்குவாங்களாம்.

கன்டெய்னருக்காவது மூலை இருக்கு. நம்ம ஊர்த் துறைமுகத்துல காற்றாலை இறக்கைகளும் கப்பல் ஏறுது. வளைஞ்சு நெளிஞ்சு இருக்கிற அதுக்கு ட்விஸ்ட் லாக் எங்கே போடுறது? இந்த மாதிரி ஒழுங்கில்லாத சரக்குக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதித் தொகுப்புல ஒரு எளிய கணக்கு இருக்கு. இடது பக்கம் இருக்கிற கட்டுகள் தாங்கக்கூடிய பளுவைக் கூட்டினா, அது சரக்கின் எடைக்குச் சமமா இருக்கணும். வலது பக்கமும் தனியா அதே மாதிரி. ரெண்டையும் சேர்த்து இல்லை, ஒவ்வொரு பக்கமும் முழு எடையைத் தாங்கணும். பத்து டன் இயந்திரம்னா பக்கத்துக்குப் பத்து டன்.

கப்பல் மெதுவா ஆடுற விஷயம். நம்ம ரோபோ மோதுற விஷயம். கப்பலுக்கே எடைக்குச் சமமான கட்டு வேணும்னா, 23 மடங்கு அடி வாங்குற நமக்கு டேப்பா?

மத்தவங்க என்ன செய்றாங்க

ஏதோ நான் மட்டும் பெரிசு பண்றேன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவில் ஸ்கூல் பசங்களுக்காக நடக்கிற ஃபர்ஸ்ட் ரோபோடிக்ஸ் போட்டியில ஒவ்வொரு ரோபோவிலும் கிட்டத்தட்ட 6 கிலோ எடையுள்ள 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இருக்கும். ரோபோ எந்தப் பக்கம் கவிழ்ந்தாலும் பேட்டரி கழலக் கூடாதுன்னு அவங்க விதியிலயே இருக்கு. நான் முதல்ல சொன்ன சோதனை அந்த விதியோட சாரம்தான். அங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க செய்றதை நாம ஃபைனல் இயர்ல செய்றதில்லை.

நம்ம பக்கத்துலயே பாருங்க. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் நடக்குது. நம்மள மாதிரி காலேஜ் பசங்கதான் மின்சார ரேஸ் கார் செஞ்சு கொண்டு வர்றாங்க. ஃபார்முலா ஸ்டூடண்ட் வகைப் போட்டி விதிகள்ல பேட்டரிப் பெட்டியும் அதைச் சட்டத்தோட சேர்க்கிற இணைப்பும் முன் பின்னாக 40 ஜி, பக்கவாட்டில் 40 ஜி, மேல் கீழாக 20 ஜி தாங்கணும். அதைக் கணக்கோட நிரூபிச்சாத்தான் காரை ஓட விடுவாங்க. ஸ்கூட்டருக்கும் அப்படித்தான். 2022-ல மின்சார ஸ்கூட்டர்கள் எரிஞ்ச செய்திகளுக்கு அப்புறம் கடுமையாக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 156 தரவிதியில, பேட்டரிக்கு அதிர்வுச் சோதனையும் மோதல் அதிர்ச்சிச் சோதனையும் உண்டு.

ஒழுங்கா மாட்டுறது எப்படி

பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. மாமா சொன்னதுதான்: ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை.

வழுக்காமத் தடுக்கிறது சுவரோட வேலை. பேட்டரிக்கு நாலு பக்கமும் சுவர் உள்ள ஒரு தட்டு செய்யுங்க. 2 மி.மீ. அலுமினியத் தகடை வளைச்சாப் போதும். சுவர் பேட்டரியோட பாதி உயரத்துக்காவது வரணும். தட்டை போல்ட் போட்டுச் சட்டத்துல பூட்டுங்க. நைலாக் நட் போடுங்க, அதிர்வுல கழலாது. ஸ்க்ரூ முனை எதுவும் பேட்டரிப் பக்கம் நீட்டக் கூடாது. இதை நான் படிச்சு எழுதலை, பார்த்து எழுதுறேன்.

எழும்பாமத் தடுக்கிறது ஸ்ட்ராப்போட வேலை. அகலமான ஸ்ட்ராப் ரெண்டு. தட்டுல ஒட்டாதீங்க, தட்டுல காடி வெட்டி அடிவழியாக் கோத்து, மேல கொண்டு வந்து இறுக்குங்க. பக்கிள் இருந்தா இன்னும் நல்லது. லிப்போ கொஞ்சம் ஊதும்; அதுக்கு இடம் வேணும். அடியிலயும் சுவர்லயும் பழைய யோகா மேட்டை வெட்டி வெச்சா அதிர்வையும் வாங்கிக்கும், ஊதுறதுக்கும் இடம் கொடுக்கும்.

வயருக்கு எந்தப் பளுவும் போகக் கூடாது. எங்க ரோபோ நின்னதுக்குக் காரணம் பேட்டரி நகர்ந்ததும் கனெக்டர் பாதி பிடுங்கிக்கிட்டதுதான். வயரைக் கொஞ்சம் தளர்வா விட்டு, கனெக்டருக்குப் பக்கத்துல சட்டத்தோட ஒரு இடத்துல கட்டிடுங்க. பேட்டரி கொஞ்சம் அசைஞ்சாலும் கனெக்டருக்குத் தெரியக் கூடாது. முனைகள் ரெண்டும் உலோகச் சட்டத்தைத் தொட வழியே இருக்கக் கூடாது. லிப்போ ஷார்ட் ஆனா நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஃபியூஸுக்கு முன்னாடியே ஷார்ட் ஆச்சுன்னா ஃபியூஸ் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

கடைசியா, எடுக்க வேண்டிய நேரத்துல சீக்கிரம் எடுக்க வரணும். நம்ம கடற்கரையில முத்துக்குளிச்சவங்க காலை ஒரு கல்லோட கயிற்று வளையத்துல நுழைச்சுக்கிட்டு இறங்குவாங்க. கல்லோட பாரம் அவங்களை விறுவிறுன்னு கீழே கொண்டு போகும். அடியைத் தொட்டதும் காலை எடுத்துடுவாங்க. கல்லை மேல இழுத்துக்குவாங்க. வேற ஒரு கயிறு மட்டும் மேலேயும் கீழேயுமா அவங்களோட இருக்கும். கழல வேண்டியது சொன்னபடி கழலணும், கழலக் கூடாதது எது வந்தாலும் கழலக் கூடாது. தூத்துக்குடியில கடைசி முத்துக்குளிப்பு 1961-ல முடிஞ்சு போச்சு. ஆனா பக்கிள் வெச்ச ஸ்ட்ராப் வேணுமா, டேக் போட்டு இறுக்கி அப்புறம் பிளேடால அறுக்கணுமான்னு யோசிக்கிறப்ப எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வருது. பேட்டரி சூடாகும்போது பிளேடு தேடிக்கிட்டு இருக்க முடியாது.

"அதெல்லாம் சரி, ஆனா..."

எடை கூடும்னு சொல்வீங்க. தட்டும் ஸ்ட்ராப்பும் சேர்ந்து 200 கிராமுக்குள்ள முடிச்சுடலாம். யாருமே பார்க்காத அக்ரிலிக் மூடி, காலேஜ் லோகோ, ஆர்ஜிபி லைட்டுக்கு அதைவிட அதிக எடை கொடுக்கிறோம்.

நேரம் இல்லைன்னு சொல்வீங்க. கடைசி ராத்திரி நேரம் இல்லைதான். அதனாலதான் கேட்கிறேன், அதைக் கடைசி ராத்திரிக்கு ஏன் விடுறீங்க? கேட்ல முதல்ல சக்கரம் வரையறோம், அப்புறம் கை, அப்புறம் போர்டு. எல்லாம் முடிஞ்சு மிச்சம் இருக்கிற பொந்துல பேட்டரியைத் திணிக்கிறோம். ரோபோவிலேயே கனமான பொருள்ல அது ஒண்ணு. ஈர்ப்பு மையத்தையே அதுதான் முடிவு பண்ணுது. முதல்ல பேட்டரிக்குக் கீழே, நடுவுல இடம் ஒதுக்குங்க. மத்ததெல்லாம் அதைச் சுத்தி வரட்டும்.

ஜெயிக்கிற டீமும் டேப்தான் போடுதுன்னு சொல்வீங்க. போடலாம். அவங்களுக்கு அன்னைக்குச் சட்டத்துல மோதலை, அவ்வளவுதான். ஹெல்மெட் இல்லாம வீடு வந்து சேர்றவங்களும் தினமும் ஆயிரக்கணக்குல இருக்காங்க.

யார் பொறுப்பு

இதுதான் எனக்கு முக்கியம். நம்ம கிளப்ல கோடுக்கு ஒரு ஆள் உண்டு, எலக்ட்ரானிக்ஸுக்கு உண்டு, சோஷியல் மீடியாவுக்குக் கூட உண்டு. பேட்டரி மாட்டுறதுக்கு ஆள் கிடையாது. அது "யாராவது ஃபர்ஸ்ட் இயர் பண்ணுவான்" வேலை. சரியா இருந்தா யாருக்கும் தெரியாது, கெட்டுப் போனா அந்த ஃபர்ஸ்ட் இயர் தலையில விடியும்.

முத்துக்குளிக்கிறவங்களுக்குப் படகுல கயிறு பிடிக்கிறது மச்சானா இருக்கும்னு நம்ம பக்கம் சொல்வாங்க. கூடப் பிறந்தவளோட தாலி அந்தக் கயித்துல இருக்கு, அதனால கை தளராதாம். யார் கையில கயிறுன்னு எல்லாருக்கும் தெரியும். நம்ம ரோபோவில் அந்தக் கயிறு யார் கையில இருக்கு?

அதனால அடுத்து வர்ற டீமுக்கு மூணே கோரிக்கை. ஒண்ணு: பேட்டரிக்குன்னு ஒரு ஆள், அவர் பெயர் டிசைன் ஷீட்ல இருக்கணும், அவர் சீனியரா இருக்கணும். ரெண்டு: காலேஜ் கேட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடி கவிழ்த்துக் குலுக்குற சோதனை, மாட்டினவரே செய்யக் கூடாது, வேற ஒருத்தர் செய்யணும். மூணு: ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடுவுல ஸ்ட்ராப்பையும் கனெக்டரையும் கையால தொட்டுப் பார்க்கணும். கப்பல்லயே பார்க்கிறாங்க. அதோட ஜூனியர் யாராவது வந்து "ஆடுதுண்ணா"ன்னு சொன்னா, லேப்டாப்பை மூடிட்டு எழுந்து போய்ப் பாருங்க.

அந்தத் தம்பி இப்ப செகண்ட் இயர். போன வாரம் கேன்டீன்ல பார்த்துப் பேசினேன். தப்பு என்னோடதுன்னு அவன்கிட்ட சொன்னேன். "பரவால்லண்ணா"ன்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சான். மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கணும். சொல்லலை. அதனால இங்கே எழுதுறேன்: அன்னைக்கு வயரிங் சரியா இருந்தது. பிராக்கெட் வேணும்னு அவன் கேட்டான். வேண்டாம்னு சொன்னது நான்.

லேப்ல ஷெல்ஃபோட ரெண்டாவது தட்டுல ஒரு அலுமினியத் தட்டும் ரெண்டு ஸ்ட்ராப்பும் செஞ்சு வெச்சிருக்கேன். 5,000 எம்.ஏ.எச். பேட்டரிக்கு அளவு சரியா இருக்கும். எடுத்துக்கோங்க.